துண்டான விரலும் முதல் அரை மணித்தியாலமும்

(வேலைத்தலப் பாதுகாப்புக்கும் சுகாதாரத்துக்குமான உலக தினமான ஏப்ரல் 28ஐ முன்னிட்டு மொனராகலையில் நடந்த தோட்டக் கமிட்டித் தலைவர்கள், மாதர் சங்கத் தலைவிமார் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம்முடைய கூட்டங்களில் சம்பளம் பேசுவோம், காணி பேசுவோம், வீடு பேசுவோம். இன்றைக்கு விரலைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். கேட்பதற்குச் சின்ன விசயமாகத் தெரியும். ஆனால் கட்டைவிரலும் சுட்டுவிரலும் போன ஒரு அக்கா ஒரு நாளைக்கு எத்தனை கிலோ கொழுந்து எடுப்பார்? ரப்பர் மரத்துப் பட்டையில் கத்தி எவ்வளவு ஆழம் போகலாம் என்று உணர்ந்து பால் வெட்டுகிற அண்ணனுக்கு அந்த விரல் நுனி மரத்துப் போனால் மரம் என்னாகும், அவருடைய பெயர் என்னாகும்? செக்ரோலில் நம்முடைய பெயர் இருக்கிறது. அந்தப் பெயருக்கு நேரே சம்பளத்தை எழுத வைப்பது இந்தப் பத்து விரல்தான்.

இந்த விரல்களுக்கு ஆபத்து எங்கெல்லாம் இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். தூள் ஸ்டோரில் உருளை மெசின், பெல்ட், சல்லடை. போரணைக்கு விறகு அறுக்கிற வாள். மலையில் கவ்வாத்துக் கத்தியும் புல்வெட்டுகிற மெசினும். மாட்டுக்குப் புல் நறுக்குகிற மெசின், அதற்குப் பக்கத்திலேயே விளையாடுகிற பிள்ளைகள். பெல்வத்தை, செவனகலைப் பக்கம் போனால் கரும்புக் கத்தி. வெட்டுக்காயம் நமக்குப் புதிதில்லை. மஞ்சள் தூளை அப்பி, துணியைச் சுற்றிக்கொண்டு திரும்பவும் நிரைக்குப் போகிறவர்கள் நாம். அதனாலேயே ஒரு விரல் முழுதாகத் துண்டாகும்போதும், 'விதி, விரல் போய்விட்டது' என்று அதோடு விட்டுவிடுகிறோம்.

இன்றைக்குச் சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. துண்டான விரலை மறுபடி பொருத்தி உயிர்கொடுக்க மருத்துவத்தால் முடியும். அறுபது வருடத்துக்கு மேலாக உலகத்தில் நடந்து வருகிற காரியம் இது. ஆனால் அந்த விரல் பொருத்தக்கூடிய நிலையில் டாக்டரின் கையில் போய்ச் சேருமா என்பது முதல் அரை மணித்தியாலத்தில், இந்தத் தோட்டத்திலேயே, நம்முடைய கையில் முடிவாகிறது.

முதலில் விரலை எப்படிப் பொருத்துகிறார்கள் என்று பார்ப்போம். அது விளங்கினால்தான் நாம் செய்ய வேண்டியதற்குக் காரணமும் விளங்கும்.

லயத்துக்குத் தண்ணீர் எப்படி வருகிறது? மேலே ஊற்றிலிருந்து குழாய் வழியாகப் பீலிக்கு வருகிறது. பாவித்த தண்ணீர் கான் வழியாக வெளியே போகிறது. விரலுக்கும் இதே ஏற்பாடுதான். இதயத்திலிருந்து நல்ல இரத்தத்தைக் கொண்டு வருகிற குழாயை நாடி என்கிறோம். ஒவ்வொரு விரலிலும் இரண்டு பக்கமும் ஒவ்வொரு நாடி ஓடுகிறது. இரத்தத்தைத் திருப்பி எடுத்துப் போகிற குழாய் நாளம். விரலின் பின்பக்கத் தோலுக்கடியில் நீலக் கோடாகத் தெரிவது அதுதான். பீலியில் தண்ணீர் வராவிட்டால் லயம் காய்ந்துபோகும். கான் அடைத்தால் வாசலில் வெள்ளம் நிற்கும். விரலும் அப்படித்தான்: நாடி ஓடாவிட்டால் வெளுத்துச் சாகும், நாளம் ஓடாவிட்டால் வீங்கி, நீலம் பாரித்துச் சாகும். எலும்பையும் தோலையும் மட்டும் சேர்த்துத் தைத்தால் போதாது. இரண்டு குழாயும் திறந்து ஓட வேண்டும்.

கஷ்டம் அங்கேதான். விரலின் நாடி ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர் அகலம். நுனிக்குப் போகப் போக அதைவிடவும் சிறிது. இடியப்பத்தில் ஒரு நூலை எடுத்து அதன் இரண்டு முனையையும் உள்ளே ஓட்டை அடைபடாமல் சேர்த்துத் தைக்கச் சொன்னால் எப்படி இருக்கும்? அந்த வேலைதான் இது.

இரத்தக் குழாயைத் தைக்கிற வித்தை வந்த கதையை, தையல் மெசின் வைத்திருக்கிற நம் தங்கைமார் முக்கியமாகக் கேட்க வேண்டும். 1894இல் பிரான்ஸ் நாட்டின் லியோன் நகரத்தில் அந்நாட்டு ஜனாதிபதி சாடி கார்னோ கத்தியால் குத்தப்பட்டார். ஈரலுக்குப் போகிற பெரிய இரத்தக் குழாய் அறுபட்டிருந்தது. அதைத் தைக்க அந்தக் காலத்தில் யாருக்கும் வழி தெரியாது. நாட்டின் தலைவரே இரத்தம் போய் இறந்தார். அதே ஊரில் அலெக்சிஸ் கரல் என்று ஒரு இளம் மருத்துவ மாணவர் இருந்தார். அறுந்த குழாயைத் தைக்க ஏன் முடியாது என்று யோசித்தார். லியோன் பட்டுக்குப் பேர்போன ஊர். கரல் அங்கே பூவேலை செய்கிற ஒரு பெண்ணிடம் போய், மெல்லிய ஊசியாலும் நூலாலும் தைக்கிற நுணுக்கத்தைக் கற்றுக்கொண்டார். பிறகு, வட்டமான குழாய் வாயில் மூன்று இடத்தில் தையல் போட்டு இழுத்துப் பிடித்தால் வட்டம் முக்கோணமாகும், ஒவ்வொரு பக்கத்தையும் நேர்கோடு தைப்பதுபோலத் தைத்துவிடலாம் என்று கண்டுபிடித்து 1902இல் வெளியிட்டார். 1912இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. மருத்துவக் கல்லூரி வாசலை மிதிக்காத ஒரு தொழிலாளிப் பெண்ணின் கைப்பழக்கமும் அந்தப் பரிசுக்குள் இருக்கிறது.

கரல் தைத்தது பெரிய குழாய்கள். விரல் குழாயைத் தைக்கக் கண்ணுக்கு உதவி வேண்டும். 1960இல் அமெரிக்காவில் ஜேகப்சன், சுவாரெஸ் என்ற இருவர் நுணுக்குக்காட்டிக்குக் கீழே வைத்துச் சின்ன இரத்தக் குழாய்களைத் தைத்துக் காட்டினார்கள். 1962இல் பொஸ்டன் நகரத்தில் ரயிலில் அடிபட்டு முழுக் கையும் துண்டான 12 வயதுப் பையனுக்கு அந்தக் கையைத் திரும்பப் பொருத்தினார்கள். 1963இல் சீனாவின் ஷங்காய் நகரத்தில் சென் சோங்வெய் என்ற மருத்துவரும் கூட்டாளிகளும், இயந்திரத்தில் வலது கை துண்டான ஒரு தொழிற்சாலைத் தொழிலாளியின் கையைப் பொருத்தினார்கள். 1965இல் ஜப்பானின் நாராப் பகுதியில் கொமாட்சு, தமாய் என்ற இரண்டு மருத்துவர்கள் முழுதாகத் துண்டான ஒரு கட்டைவிரலைப் பொருத்தினார்கள். உலகத்தில் விரல் பொருத்தியது அதுதான் முதல்.

தமிழ்நாட்டில் இந்த வேலை வேரூன்றிய இடங்களையும் பாருங்கள். சென்னையில் அரசாங்க ஸ்டான்லி வைத்தியசாலை. துறைமுகமும் தொழிற்சாலைகளும் உள்ள வடசென்னையில் இருக்கிற அங்கேதான் டாக்டர் ஆர். வெங்கடசாமி கைக்கென்றே தனிப் பிரிவை வளர்த்தெடுத்தார். அடுத்தது, பஞ்சாலையும் இயந்திரப் பட்டறைகளும் நிறைந்த கோயம்புத்தூர். அங்கே கங்கா வைத்தியசாலையில் டாக்டர் எஸ். ராஜ சபாபதி கட்டியெழுப்பிய பிரிவுக்கு வெளிநாட்டு மருத்துவர்களே படிக்க வருகிறார்கள். 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு நம் சனம் போய்க் குடியேறிய நீலகிரிக்கு அது பக்கத்து ஊர். இந்த வைத்தியம் வளர்ந்த இடங்களைப் பார்த்தால் ஒன்று தெரியும். மெசினில் கை கொடுத்து வேலை செய்கிறவர்கள் நிறைந்த ஊர்களில்தான் அது வளர்ந்திருக்கிறது. நம் நாட்டிலும் கொழும்பு, கண்டி தேசிய வைத்தியசாலைகள் போன்ற பெரிய அரசாங்க வைத்தியசாலைகளில் பிளாஸ்டிக் சத்திர சிகிச்சைப் பிரிவுகள் இருக்கின்றன. அங்கே சிகிச்சைக்குக் காசு கட்டத் தேவையில்லை.

சத்திர சிகிச்சையில் என்ன செய்கிறார்கள்? முதலில் எலும்பைக் கொஞ்சம் குறுக்கி, மெல்லிய கம்பி போட்டு நிறுத்துகிறார்கள். அடுத்து விரலை நீட்டுகிற நாணையும் மடக்குகிற நாணையும் தைக்கிறார்கள். பிறகு நுணுக்குக்காட்டியின் கீழே நாடி, நரம்பு, நாளம். தைக்கிற நூல் தலைமயிரைவிட மெல்லியது. ஒரு விரலுக்கே சில மணித்தியாலம் போகும். நாலு விரல் என்றால் இராத்திரி முழுதும் நின்று தைப்பார்கள்.

பிறகும் காவல் இருக்க வேண்டும். முதல் சில நாள் விரலின் நிறத்தையும் சூட்டையும் அடிக்கடி பார்ப்பார்கள். நாளம் அடைத்து விரல் வீங்கினால் சில வைத்தியசாலைகளில் என்ன வைப்பார்கள் தெரியுமா? அட்டை! மழை நாளில் மலையில் நம்முடைய காலில் ஏறுகிற அட்டையின் சாதிதான். அட்டையின் எச்சில் இரத்தத்தை உறைய விடாது. தேங்கிய இரத்தத்தை அது குடித்துவிட, புது நாளங்கள் முளைக்கும்வரை விரல் பிழைத்துக்கொள்ளும். ஆனால் அது அதற்கென்று சுத்தமாக வளர்த்த அட்டை, கிருமி பரவாமல் மருந்தும் சேர்த்துக் கொடுத்துத்தான் வைப்பார்கள். மலையில் பிடித்த அட்டையை யாரும் புண்ணில் விட்டுவிட வேண்டாம்.

இனி நாம் செய்ய வேண்டியதற்கு வருவோம்.

உடம்பிலிருந்து பிரிந்த விரல் உடனே செத்துவிடுவதில்லை. ஆனால் சூட்டில் சீக்கிரம் கெடும், குளிரில் தாக்குப்பிடிக்கும். விரலில் தசை இல்லாதபடியால் சாதாரண சூட்டில் ஏறக்குறைய 12 மணித்தியாலம் வரையும், சரியாகக் குளிரில் வைத்தால் ஏறக்குறைய 24 மணித்தியாலம் வரையும் பொருத்திப் பார்க்கலாம் என்பது மருத்துவர்களின் பொதுக் கணக்கு. மணிக்கட்டுக்கு மேலே கை துண்டானால் அங்கே தசை இருப்பதால் கணக்குப் பாதியாகும்: சூட்டில் 6, குளிரில் 12. எவ்வளவு சீக்கிரம் போகிறோமோ அவ்வளவு நல்லது. ஆனாலும் இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மொனராகலையிலிருந்து கொழும்புக்கு இருநூறு கிலோமீற்றருக்கு மேல். அரை நாள் பயணம். 'அவ்வளவு தூரம் கொண்டுபோய் என்ன பிரயோசனம்' என்று இனி யாரும் சொல்லக் கூடாது. குளிரில் வைத்த விரலுக்கு அந்தத் தூரம் போக நேரம் இருக்கிறது. வெயிலில் கிடக்கிற விரலுக்கு, அதுவும் நம்முடைய மொனராகலை வெயிலில், பதுளைக்குப் போகிற நேரம்கூடப் பெரிது.

விரல் துண்டானவுடன் முதலில் மெசினை நிறுத்துங்கள். அடுத்தது ஆளைப் பாருங்கள், விரல் அதற்குப் பிறகு. காயத்தின் மேல் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடித்து, கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்திப் பிடியுங்கள். பெரும்பாலும் அதிலேயே இரத்தம் நிற்கும். விரல் காயத்துக்குக் கயிறு, வயர், ரப்பர் பட்டி கட்டி இறுக்க வேண்டாம். அது மிச்சமிருக்கிற கையையும் கெடுக்கும். முழுக் கை போய் இரத்தம் பீறிட்டு, எவ்வளவு அழுத்தியும் நிற்காவிட்டால் மட்டும் அகலமான துணியால் மேலே இறுக்கிக் கட்டி, கட்டிய நேரத்தை எழுதுங்கள். மற்ற விரல்களில் மோதிரம் இருந்தால் வீங்குவதற்குமுன் கழற்றிவிடுங்கள். மஞ்சள், கோப்பித் தூள், மண்ணெண்ணெய், ஸ்பிரிட் எதுவும் போட வேண்டாம். குடிக்கவும் சாப்பிடவும் கொடுக்க வேண்டாம், ஒரு மிடறு தேத்தண்ணீர்கூட வேண்டாம். மயக்க மருந்து கொடுக்க வேண்டி வரும்.

ஒருவர் ஆளைப் பார்க்கும்போது இன்னொருவர் விரலைத் தேட வேண்டும். மெசினுக்குள், கொழுந்துக்குள், புல்லுக்குள், கையுறைக்குள் தேடுங்கள். நசுங்கியிருந்தாலும் சிறு துண்டாக இருந்தாலும் எடுத்துப் போங்கள். 'இது உதவாது' என்று தீர்ப்புச் சொல்வது டாக்டரின் வேலை. பொருத்த முடியாத விரலிலிருந்தும் தோலோ நரம்போ எடுத்து மற்ற விரலுக்குப் பாவிப்பார்கள்.

விரலில் அழுக்கு இருந்தால் சுத்தமான தண்ணீரில் மெதுவாக ஒருமுறை அலசுங்கள், தேய்க்க வேண்டாம். பிறகு சேலைனில், இல்லாவிட்டால் கொதித்தாறிய தண்ணீரில், நனைத்துப் பிழிந்த சுத்தமான துணியில் சுற்றுங்கள். அதை ஓட்டையில்லாத பொலித்தீன் பையில் போட்டு வாயை இறுக்கிக் கட்டுங்கள். அந்தப் பையை ஐஸ்கட்டியும் தண்ணீரும் கலந்த இன்னொரு பையிலோ வாளியிலோ வையுங்கள். ஈரத் துணி, கட்டிய பை, ஐஸ் தண்ணீர்: இந்த மூன்றையும் இதே வரிசையில் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள்.

ஏன் விரலை நேரே ஐசில் வைக்கக் கூடாது? ஐஸ் பட்ட இடம் உறையும். உறைந்தால் உள்ளே இருக்கிற தண்ணீர் கட்டியாகி, அந்த மெல்லிய குழாயின் சுவரைக் கிழித்துவிடும். பிறகு நுணுக்குக்காட்டி இருந்தும் தைப்பதற்கு ஒன்றும் இருக்காது. ஏன் தண்ணீரில் போடக் கூடாது? நாள் முழுதும் உடுப்புத் துவைத்தால் விரல் எப்படி ஊறிப்போகிறது? உயிரோடு இருக்கிற விரலே அப்படியென்றால் துண்டான விரல் எப்படி ஊறிப்போகும் என்று யோசியுங்கள்.

தோலோ சதையோ கொஞ்சம் ஒட்டியபடி விரல் தொங்கினால் அதை வெட்டி எடுத்துவிடாதீர்கள். அந்தச் சின்னத் துண்டுத் தோலுக்குள் ஒரு நாளம் ஓடிக்கொண்டிருக்கலாம். விரல் முறுகாமல், இருந்த நிலையிலேயே மட்டை வைத்துக் கட்டி அனுப்புங்கள்.

நம் பகுதித் தோட்டமொன்றில் நடந்ததைச் சொல்கிறோம். தோட்டத்துப் பெயரும் ஆளின் பெயரும் வேண்டாம். ஸ்டோரில் பெல்ட்டுக்குள் கை போய் ஒரு தம்பிக்கு இரண்டு விரல் துண்டானது. வாகனம் தேடி அலைந்ததிலேயே நேரம் போனது. தம்பியை ஏற்றிக்கொண்டு ஓடினார்கள். வைத்தியசாலையில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, 'விரல் எங்கே?' ஒரு விரல் மெசினுக்கு அடியிலேயே கிடந்தது. மற்றது கடை ஐஸ் பெட்டியில் வைத்து, பின்னேரம் கல்லாக உறைந்து வந்து சேர்ந்தது. அந்தத் தம்பிக்காக ஓடிய அத்தனை பேரும் பாசத்தோடுதான் ஓடினார்கள். ஓடுகிறவர்களுக்கு இன்னது செய் என்று யாரும் ஒருநாளும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. அந்தத் தம்பி இன்றைக்கும் வேலை செய்கிறார். சட்டைப் பொத்தான் போட மட்டும் மனைவியைக் கூப்பிடுகிறார்.

உண்மையை முழுதாகச் சொல்ல வேண்டும். எல்லா விரலையும் பொருத்த மாட்டார்கள். கத்தியில் நேராக வெட்டுப்பட்ட விரலுக்கு வாய்ப்பு அதிகம். உருளையில் நசுங்கியதுக்கும் பெல்ட்டில் பிய்ந்ததுக்கும் குறைவு, ஏனென்றால் குழாய் நீளத்துக்குக் கிழிந்திருக்கும். கட்டைவிரலென்றால், ஒன்றுக்கு மேற்பட்ட விரலென்றால், சின்னப் பிள்ளையின் விரலென்றால் எப்படியாவது பொருத்தப் பார்ப்பார்கள். கட்டைவிரல் இல்லாமல் கை எதையும் பற்றாது. அதனால்தான் கட்டைவிரல் போனவர்களுக்குக் கால்விரலை எடுத்துக் கையில் வைக்கிற சத்திர சிகிச்சைகூட இருக்கிறது. ஆனால் பெரியவர் ஒருவருக்கு ஒரு விரல் மட்டும் போயிருந்தால், 'பொருத்தினால் விறைத்த விரலாக நின்று மற்ற விரலுக்கும் இடைஞ்சல், காயத்தை மூடிவிட்டால் சீக்கிரம் வேலைக்குப் போகலாம்' என்று டாக்டர் சொல்லக்கூடும். அதைக் கவனிப்பில்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 'பொருத்தினால் என்ன ஆகும், பொருத்தாவிட்டால் என்ன ஆகும்' என்று கேளுங்கள். அதைக் கேட்க நமக்கு உரிமை இருக்கிறது.

பொருத்திய விரலும் பழைய விரல் ஆகாது. நரம்பு ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர்தான் வளரும். நுனிக்கு உணர்ச்சி திரும்ப மாதங்கள் எடுக்கும். பண்டாரவளை, அப்புத்தளைக் குளிரில் அந்த விரல் வலிக்கும். விடாமல் பயிற்சி செய்தால்தான் மடங்கும். இன்னொன்று, இதைக் கண்டிப்பாகவே சொல்கிறோம்: பீடி, சிகரெட், புகையிலை போட்ட வெற்றிலை மூன்றையும் அந்த வாரங்களில் தொடவே கூடாது. புகையிலையில் இருக்கிற நிக்கொட்டின் இரத்தக் குழாயைச் சுருக்கும். பல மணித்தியாலம் நின்று தைத்த குழாயை அது அடைத்துவிடும். பார்க்கப் போகிற கூட்டாளிமாரும் வெற்றிலைப் பையை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

இனி நிர்வாகத்திடம் கேட்க வேண்டியது. முதலாவது, விரல் போகாமல் இருப்பது. 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் ஆபத்தான இயந்திரப் பாகங்களுக்கு மறைப்புப் போட வேண்டும் என்று சொல்கிறது. தூள் ஸ்டோரும் ரப்பர் ஸ்டோரும் தொழிற்சாலைதான். பெல்ட்டுக்கு மூடி இல்லாவிட்டால், சுத்தம் செய்வதற்குக் கழற்றிய மூடியைத் திரும்பப் போடாவிட்டால், ஓடுகிற மெசினுக்குள் கைவிட்டுக் கொழுந்தைத் தள்ளச் சொன்னால், எழுத்தில் முறையிடுங்கள். வாயால் சொன்னது காற்றோடு போகும்.

இரண்டாவது, ஒவ்வொரு ஸ்டோரிலும் பிரட்டுக் களத்திலும் ஒரு பெட்டி. அதற்குள் சுத்தமான துணி, இரண்டு சேலைன் போத்தல், வாய் கட்டக்கூடிய பொலித்தீன் பைகள், எழுத ஒரு பேனை. இதற்கு ஆகும் செலவைச் சொல்லி எந்தத் துரையும் மறுக்க முடியாது. ஐஸ் எங்கே கிடைக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்: எந்தக் கடையில், எந்த வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் என்று. ஐஸ் இல்லாவிட்டால் குளிரத் தண்ணீர்ப் போத்தலை வைத்தாலும் வெயிலைவிட நல்லது.

மூன்றாவது, வாகனம். இரவிலும் ஒரு வாகனமும் சாரதியும் தயாராக இருக்க வேண்டும். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். 2016இல் தெற்கிலும் மேற்கிலும் தொடங்கியது, இப்போது ஊவா உட்பட எல்லா மாகாணத்திலும் ஓடுகிறது. அழைக்கிறவர் தோட்டத்துப் பெயர், டிவிசன், எந்தச் சந்தியில் நிற்பது என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். சிங்களம் நன்றாகப் பேசுகிற ஒருவர் கூடப் போக வேண்டும். ஒரு துண்டில் ஆளின் பெயர், வயது, வெட்டுப்பட்ட நேரம், ஐசில் வைத்த நேரம் நான்கையும் எழுதி விரல் பையோடு கட்டுங்கள். மொனராகலை, பதுளை வைத்தியசாலைக்குப் போனவுடன் 'விரலைக் கொண்டு வந்திருக்கிறோம்' என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். அப்போதுதான் அங்கிருந்து எந்தப் பெரிய வைத்தியசாலைக்கு அனுப்பலாம் என்று அவர்கள் உடனே பேசுவார்கள்.

நான்காவது, நட்டஈடு. 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தில் கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் தனித்தனியாகக் கணக்கு இருக்கிறது. வேலையில் நடந்த விபத்தென்று எழுத்தில் பதியாவிட்டால் அந்தக் கணக்கால் பயனில்லை. 'வீட்டில் விறகு வெட்டும்போது பட்டது என்று சொல், செலவைப் பார்த்துக்கொள்கிறோம்' என்று சொல்கிறவர்கள் எங்கேயும் இருப்பார்கள். அந்த வார்த்தைக்குச் சம்மதித்து வைத்தியசாலையில் மாற்றிச் சொன்னால், விரலோடு உரிமையும் போகும். நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள், மருத்துவத் துண்டுகள் எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள், அன்றைக்கே சங்கத்துக்கு அறிவியுங்கள். மிச்ச எழுத்து வேலையைச் சங்கம் பார்க்கும்.

பாடசாலையில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இந்த விசயத்தைச் சொல்லிக் கொடுத்தோம். விரலுக்குப் பதில் ஒரு கரட்டை ஈரத் துணியில் சுற்றிப் பையில் கட்டி ஐஸ் தண்ணீரில் வைக்கச் சொன்னோம். ஐந்து நிமிடத்தில் படித்துவிட்டார்கள். ஒரு பிள்ளை எழுந்து கேட்டாள்: 'எங்க லயத்துல ஐஸ் எங்க இருக்கு டீச்சர்?' பதில் சொல்ல வேண்டியது நாம் எல்லோரும்தான்.

ஆகையால் ஒவ்வொரு தோட்டக் கமிட்டித் தலைவரும் மாதர் தலைவியும் அடுத்த மாதக் கூட்டத்துக்கு மூன்று கேள்விக்குப் பதில் எழுதிக்கொண்டு வாருங்கள். உங்கள் ஸ்டோரில் மூடியில்லாமல் ஓடுகிற மெசின் எது? உங்கள் டிவிசனில் ஐஸ் எங்கே கிடைக்கும்? இரவு பன்னிரண்டு மணிக்கு வண்டி எடுக்கிறவர் யார், அவருடைய தொலைபேசி இலக்கம் என்ன? மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லாத தோட்டத்துக்குத்தான் முதலில் நிர்வாகத்தோடு பேசப் போவோம். பதில்களை எல்லாம் சேர்த்து ஒரே தாளில் எழுதி, பிரட்டுக் களத்திலும் பிள்ளைக் காம்பராவிலும் ஒட்டுவோம்.